மகிழ்ச்சிக்கு மூன்று முத்திரை

மகிழ்ச்சியாக இருக்கும்படி நீக்கிலாப்பிள்ளைக்குக் கடிதம் வந்தது.

மண்ணிற உறையில் வந்தது. மண்ணிற உறையில் நல்ல சேதி வந்ததாக அந்தக் கட்டடத்து நிலவறையில் குடியிருந்த ஒருவருக்கும் நினைவில்லை. துறைமுகத்துக் களஞ்சியத்தில் விடிந்தது முதல் பெட்டி இறக்கிவிட்டு வந்த மனிதர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல்தான் அவர் எழுத்துக் கூட்டப் பழகினார். தமிழ் எழுத்து அவருக்கு வீட்டு நாய் மாதிரி, கிட்டப் போனால் வாலாட்டும். பிரெஞ்சு எழுத்து அயல்வீட்டு நாய். அது சும்மா படுத்திருந்தாலும் இவர் மறுபக்கத்தால்தான் நடந்து போவார்.

அறைத்தோழன் அரியரத்தினம் வந்துதான் உறையைக் கிழித்தான். ஏழு வருசமாக ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். கழுவிய கோப்பைகளில் இருந்து கொஞ்சம் பிரெஞ்சு அவன் கையில் ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"உங்களை வாற பதினாலாம் திகதி சனிக்கிழமை சந்தோசமா இருக்கட்டாம், அண்ணை."

"ஆர் சொல்லுறது?"

"பருவகால இணக்கப் பணியகம்."

"இல்லாட்டி?"

அரியரத்தினம் கடிதத்தை மறுபக்கம் திருப்பினான். "இல்லாட்டி பைலை மூடுவினமாம். சிவப்பில போட்டிருக்கு."

அந்தக் கோப்பு என்பது மனைவி திரேசம்மாவும் மகள் றெபேக்காவும்தான். இரண்டு பேரும் மன்னாரில் இருந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை புறப்படும்போது றெபேக்காவுக்கு எட்டு வயது, இப்போது பதினாலு. அவர்களை மொன்றியலுக்குக் கூப்பிட மூன்று வருசமாகக் கடதாசி கொடுத்துக்கொண்டிருந்தார். பொலிஸ் கடதாசி கொடுத்தாயிற்று. நெஞ்சுப் படம் எடுத்துக் கொடுத்தாயிற்று. மகள் மகள்தான் என்று இரத்தமும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரேயொரு கடதாசி, இணக்கச் சான்று. குடும்பத்தைக் கூப்பிடுகிறவர் இந்த நாட்டின் பருவங்களோடு மனம் ஒத்துப்போய்விட்டார் என்று அது உறுதி சொல்ல வேண்டும். பனிக்காலத்துக்குப் பரீட்சை கிடையாது. உயிரோடு இருந்தால் தேர்ச்சி. கோடைக்கும் கிடையாது. இலையுதிர்காலத்துக்குத்தான் பரீட்சை வைத்தார்கள்.

கடிதத்தோடு ஒரு கைநூல் இருந்தது. 'வில்டன் கவுண்டியில் கண்டு மகிழ வேண்டிய நான்கு இடங்கள்.' கூடவே ஒரு அட்டை. அட்டையில் நான்கு வட்டங்கள். உண்மையாகவே மகிழ்ந்தவருக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை குத்துவார்கள். மூன்று முத்திரை விழுந்தால் சான்று.

"நீ போன வருசம் போனனி எல்லே," என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை. "ஏன் விட்டனி?"

அரியரத்தினத்துக்கும் யாழ்ப்பாணத்தில் நிச்சயம் பண்ணிய பெண் ஒருத்தி காத்திருந்தாள். அவனுக்கும் அதே கடிதம் இரண்டாம் முறையாக வந்திருந்தது.

"முதல் இடத்திலேயே ஃபெயில் அண்ணை. மரத்தடி முழுக்க இலை. இவ்வளவையும் கூட்டி அள்ள ஆளில்லையோ எண்டு கேட்டுப்போட்டன். எழுதிக்கொண்டு போட்டாங்கள்."

அன்றிலிருந்து இரண்டு பேரும் மகிழப் பழகினார்கள். வேலை முடிந்து வந்ததும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒருவர் மாறி ஒருவர் "ஓ!" என்று சொல்லிப் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளையின் "ஓ" பல்லுப் பிடுங்குகிற இடத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.

"கண்ணைச் சிரிக்க விடுங்கோ அண்ணை."

"கண்ணுக்கு நான் என்னெண்டடா சொல்லுறது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மன்னாருக்குக் கோல் எடுத்தார். பாதிரியார் குடியிருக்கும் மிசன் வீட்டுத் தொலைபேசிக்குத் திரேசம்மா வந்து காத்திருப்பது வழக்கம். அந்த வருசம் நாட்டில் மறுபடியும் சண்டை மூண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, எங்கட பைல் என்ன மாதிரி?"

"ஒரு கடதாசிதான் குறை. நான் ஒரு சுற்றுலா போகவேணும்."



"நல்லது," என்றாள் திரேசம்மா. "போட்டு வாங்கோ. இஞ்ச வியாழக்கிழமை சுற்றிவளைப்பு. விடியப் பிடிச்சு எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில இருத்திப்போட்டாங்கள். சாக்குக்காரன் வந்தவன்."

சாக்குக்காரனை நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியும். தெரியும் என்றால், அவன் யார் என்று யாருக்குமே தெரியாது. தலையில் சாக்கை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஆமிக்காரர் அவனை வாகனத்தில் கொண்டுவந்து இருத்துவார்கள். ஊர்ச் சனம் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போக வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையாட்டினால் லொறியில் ஏற வேண்டும். லொறியில் ஏறியவர்கள் திரும்பி வந்து கதை சொன்னதில்லை. நீக்கிலாப்பிள்ளை இரண்டு தரம் அந்த ஓட்டைகளுக்கு முன்னால் நின்றவர்.

"ஆரைப் பார்த்து ஆட்டினவன்?"

"சவிரியான்ர மூத்தவனை," என்றாள். "கெதியா எங்களைக் கூப்பிடுங்கோ."

*

பதினாலாம் திகதி காலமை மெத்ரோ ரயில் நிலைய வாசலில் இருந்து பஸ் புறப்பட்டது. நாற்பது பேர் இருந்தார்கள். அல்ஜீரியாக்காரர், கொலம்பியாக்காரர், ஹெயிட்டிக்காரர், தமிழர் பதினொரு பேர். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. இழவு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட யாராவது ஒருவர் அரசியல் கதைப்பார். பஸ் பாலத்தைக் கடந்து, புரோசார்ட் கடைத்தெருக்களைத் தாண்டி, வெறும் வயல்களுக்குள் இறங்கியபோது, நீக்கிலாப்பிள்ளையின் கை சட்டைப் பையில் இருந்த செபமாலையைத் தேடிப் பிடித்தது.

முன் ஆசனத்தில் இருந்து மதாம் திபோ எழுந்தார். பணியகத்தின் தலைவி. செம்மஞ்சள் கழுத்துத் துணி, கையில் எழுதுபலகை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஜெயனி என்ற பிள்ளை. நாலு வயதில் மொன்றியலுக்கு வந்து இங்கேயே வளர்ந்தவள். தமிழ் நல்லாகக் கதைத்தாள், கதைத்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள்.

"மதாம் உங்களை வரவேற்கிறா," என்றாள் ஜெயனி. "பணியகம் ஆரையும் கட்டாயப்படுத்திறதில்லையாம். நீங்கள் முழுச் சுதந்திரமாச் சந்தோசப்படலாமாம். இலை பார்க்கிற சந்தோசம் பத்தே காலில இருந்து பத்து நாற்பது மட்டும். அது தன்பாட்டில வரவேணும். பழகிக்கொண்டு வந்தாத் தனக்குத் தெரியுமாம்."

அரியரத்தினம் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தான். நீக்கிலாப்பிள்ளை யன்னலைப் பார்த்தார்.

மதாம் தொடர்ந்து கதைத்தார். ஜெயனி பின்னால் ஓடினாள். "வில்டன் கவுண்டி இங்கிலீசுக்காரர் வைச்ச பேராம். அவை இப்ப இல்லை, பேர் மட்டும் ஒத்துழைச்சு இருந்துகொண்டிருக்காம். மரங்களும் நல்ல ஒத்துழைப்பாம். போன வருசம் ஒரு கிழமை பிந்திச் சிவத்ததாம், அதுக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கினமாம். போன வருசம் இந்தக் கவுண்டியில மகிழ்ச்சி எண்பத்தொரு வீதம்."

"மிச்சப் பத்தொன்பதும்?" என்று பின்னால் இருந்து புஷ்பவதி கேட்டாள். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஜெயனி கேட்டுச் சொன்னாள். "அவை இப்ப எங்க எண்டு மதாமுக்குத் தெரியாதாம். அது வேற பிரிவாம்."

*

முதல் இடம் ஒரு மலைமுகப்பு. மரவேலிக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் பரீட்சைத் தாளின் அச்சு வடிவாக இருக்கிறதா என்று எந்தப் பிள்ளை பார்க்கும்? மதாம் மணிக்கூட்டைப் பார்த்துக் கையை உயர்த்தி இறக்கினார். பத்தே கால்.

நாற்பது பேரும் வேலிக்கு முன்னால் வரிசையாக நின்று இலையைப் பார்த்தார்கள். எழுதுபலகை பின்னால் நடந்து வந்தது. தொண்டையில் தயாராக வைத்திருந்த "ஓ" நீக்கிலாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் இறங்கிவிட்டது. எழுதுபலகை மூன்று ஆள் தள்ளி நின்றது. இரண்டு ஆள் தள்ளி வந்தது. அவர் பயத்தில் ஓர் அடி விலகினார். மழைக்கு நனைந்த இலையில் சப்பாத்து வழுக்கியது.

"ஐயோ, மடு மாதாவே!"

இருந்தபடியே சறுக்கிக்கொண்டு போன மனிதர் அரியரத்தினத்தின் காலை வாரினார். இரண்டு பேருமாக உருண்டு வேலியில் முட்டி நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நூறு அடிப் பள்ளம். அரியரத்தினம் இவருடைய கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சைவப் பொடியனாக இருந்தும், தானும் மாதாவைக் கூப்பிட்டான்.

"மான்யிஃபீக்!" என்று மதாம் கைதட்டினார். இரண்டு அட்டையிலும் முத்திரை விழுந்தது. எழுதுபலகையில் 'தன்னிச்சையானது, குழுவாக' என்று பதியப்பட்டதாக ஜெயனி சொன்னாள்.

இரண்டாம் இடம் அப்பிள் தோட்டம். அங்கே ஆளுக்கொரு சின்னப் பை கொடுத்தார்கள். அப்பிள் ஆய்ந்து, பையில் போட்டு, ஒன்றைக் கடித்து மகிழ வேண்டும்.

தோட்டத்துக்குள் கால் வைத்ததும் நீக்கிலாப்பிள்ளைக்கு மூச்சுச் சீராக வந்தது. இது அவருக்குத் தெரிந்த இடம். இந்த நாட்டுக்கு வந்த முதல் இரண்டு வருசமும் விடிய ஐந்து மணிக்கு மெத்ரோ வாசலில் வான் வந்து ஏற்றிக்கொண்டு போய் இப்படியான தோட்டங்களில்தான் இறக்கும். பெட்டிக் கணக்கில் சம்பளம். அப்பிளை இழுக்கக் கூடாது, உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் திருக வேண்டும், காம்பு கூடவே வர வேண்டும். கை அவரைக் கேட்கவில்லை. தானாகத் தொடங்கியது. பை நிறைந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மரப்பெட்டி ஒன்றை நிமிர்த்தினார். அது நிறைந்தது. அரியரத்தினம் பழக்கதோசத்தில் அடுத்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஏணி ஒன்று கிடந்தது. ஏறினார். அந்த இருபத்தைந்து நிமிசத்தில்தான் அன்றைக்கு அவர் பயத்தை மறந்தார். ஆய்ந்ததில் ஆக நல்ல ஒன்றை, முழுச் சிவப்பில் உள்ளதை, றெபேக்காவை நினைத்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டார்.

கீழே இறங்கியபோது ஒன்பது பெட்டி நிறைந்திருந்தது. வரிசையில் இரண்டு மரம் மொட்டையாக நின்றது. தோட்டக்காரர் வாயைத் திறந்தபடி நின்று, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். மதாம் திபோவின் முகம் வெளிறியிருந்தது.

"வேலை செய்திருக்கிறியளாம்," என்றாள் ஜெயனி மெல்ல. "ஓய்வு நாளில, ஓய்வு இடத்தில, அனுமதி இல்லாமல்."

"பிள்ளை, நான் சந்தோசமாத்தான் செய்தனான் எண்டு சொல்லம்மா."

ஜெயனி சொன்னாள். தன்பாட்டில் கூட்டியும் சொன்னாள் போலிருந்தது, நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். மதாம் தலையை அசைத்தார்.

"சிரிச்சதை மதாமும் கண்டவாவாம் அங்கிள். ஆனா வேலை செய்யேக்க வாற சிரிப்புக்குப் படிவத்தில இடமில்லையாம்."

முத்திரை இல்லை. பையைத் திருப்பி வாங்கினார்கள். சட்டைப் பை புடைத்திருப்பதைக் கண்டு அந்தச் சிவப்பு அப்பிளையும் வாங்கினார்கள். இன்னும் இரண்டு இடம். இரண்டிலும் விழ வேண்டும்.

மூன்றாவது, சோளக்காட்டுச் சுற்றுவழி. ஆளை விட உயரமான சோளத்துக்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டி, ஆட்களை உள்ளே விட்டு, வழி தெரியாமல் திண்டாட விடுவார்கள். வழி தெரியாமல் போக இங்கே சனம் வரிசையில் நிற்கும் என்று ஜெயனி சொன்னாள். நீக்கிலாப்பிள்ளையும் அரியரத்தினமும் மூச்சுக் காட்டாமல் நடந்தார்கள். இரண்டு பக்கமும் சருகு உரசியது. யாரோ தூரத்தில் ஸ்பானிய மொழியில் யாரையோ கூப்பிட்டார்கள்.

டமார்!

குருவி கலைக்க வைத்திருந்த காஸ் வெடி அது. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் தானாக வெடிக்கும். அதை யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நிலத்தில் குப்புறக் கிடந்தார்கள். வயிறு மண்ணில் படாமல், முழங்கை ஊன்றி, வாயைத் திறந்து, காதைப் பொத்தி. ஊரில் குண்டு விழுந்த நாட்களில் பழகியபடி. இரண்டாவது வெடி வரும் மட்டும் கிடந்தார்கள். மூன்றாவதுக்கும் கிடந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து மதாம் ஆள் விட்டுத் தேடி வந்தார். சோளத்தடியில் கிடந்தவர்களைக் கண்டு அவருடைய கண் கலங்கிவிட்டது.

"மண்ணோட மண்ணா இப்பிடி ஒண்டிப்போன ஆக்களைத் தான் முதல் முதலாப் பார்க்கிறாவாம்," என்றாள் ஜெயனி.

முத்திரை விழுந்தது.

வெளியே வந்து, உடம்பில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டே அரியரத்தினம் சொன்னான்: "அண்ணை, எனக்கு இவையின்ர கணக்கு விளங்கிட்டுது. பயந்தாப் பாஸ். பயப்படாட்டி ஃபெயில்."

"அப்ப பிரச்சினை இல்லை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "அடுத்தது என்ன?"

அரியரத்தினம் கைநூலைப் புரட்டினான். "வெருளியாம். தோட்டத்தில குருவிக்கு வைக்கிற வெருளி. வந்து எல்லாரையும் பார்க்குமாம்."

*

பூசணிக்காய் குவித்திருந்த ஒரு புல்வெளி. நாற்பது பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். மதாம் திபோ ஒரு வைக்கோல் கட்டின்மேல் ஏறி நின்றார்.

"இதுதான் கடைசி," என்று ஜெயனி மொழிபெயர்த்தாள். "வெருளியார் வருவார். உங்களை ஒவ்வொருத்தராப் பார்ப்பார். அவருக்குப் பிடிச்ச ஆளைப் பார்த்துத் தலையாட்டுவார். தலையாட்டினா முத்திரை."

"ஆர் அந்த வெருளி?" என்று கேட்டாள் புஷ்பவதி.

மதாமுக்குக் கேள்வி பிடித்திருந்தது. நீளமாகப் பதில் சொன்னார். ஜெயனி சொன்னாள்: "அது பணியகத்துக்கே தெரியாதாம். முகம் தெரிஞ்சாப் பக்கச்சார்பு வந்திடும். அதாலதான் மூடி வைச்சிருக்கினமாம். அவர் ஏன் ஒராளைத் தெரிவு செய்தவர், ஏன் மற்றாளை விட்டவர் எண்டு கேட்க ஏலாது. காரணம் சொல்லத் தேவையில்லாதபடியால் அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லையாம். இந்த முறையைக் கண்டுபிடிச்சதுக்கு மதாமுக்கு மேலிடத்தில பாராட்டும் குடுத்தவையாம்."

அப்போது களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்து உழவு இயந்திரம் ஒன்று இழுவைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் வைக்கோல். வைக்கோலில் ஓர் ஆள் இருந்தான். கிழிந்த நீளச் சட்டை. தலையில் சாக்கு. கழுத்தில் கயிறு கட்டிய சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு தமிழரும் நிலத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வரிசைக்கு வரிசை ஒரு முழம் இடைவெளி. வலது கையில் அடையாள அட்டை. எட்டாம் வகுப்பிலிருந்து பழகியது போல அது நடந்தது. புஷ்பவதி கைப்பையைக் கழற்றிப் பக்கத்துப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"என்ர பிள்ளையளிட்டச் சேர்த்துவிடுங்கோ அக்கா."

அல்ஜீரியாக்காரர் பார்த்தார்கள். இதுவும் முத்திரைக்குரிய காரியம் என்று நினைத்திருக்க வேண்டும், அவர்களும் உட்கார்ந்தார்கள். கொலம்பியாக்காரர் காரணம் தேடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் எங்கேயோ பழகியதுபோல் இருந்தது.

"என்ன ஒழுங்கு!" என்றார் மதாம் திபோ. எழுதுபலகையில் பேனை பறந்தது. "பகிர்ந்துகொள்ளுகிறார்கள். பையைக்கூடப் பகிர்ந்துகொள்ளுகிறார்கள்!"

ஜெயனி மட்டும் குழம்பிப்போய் நீக்கிலாப்பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். "அங்கிள், ஏன் எல்லாரும் நிலத்தில இருக்கிறியள்? ஈரம் எல்லே?"

அவர் அடையாள அட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

"அங்கிள், கேக்குதோ? தலையாட்டினா நல்லது. விளங்குதோ? ஆட்டினாத்தான் அன்ரி வரலாம்."

விளங்கியது. விளங்கியது தலைக்கு. உடம்புக்கு யார் சொல்வது?

சாக்கு பெட்டியில் இருந்து இறங்கி வரிசையில் நடந்து வந்தது. புஷ்பவதிக்கு முன்னால் நின்றது. ஆட்டியது. அவள் ஒரு சத்தமும் இல்லாமல் அழத் தொடங்கினாள். மதாம் 'ஆனந்தக் கண்ணீர்' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். சாக்கு அரியரத்தினத்துக்கு முன்னால் நின்றது. ஆட்டியது.

"நானில்லை ஐயா!" அரியரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் அண்டைக்குக் கடையில நிண்டனான். கடைக்காரரைக் கேளுங்கோ ஐயா!"

என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். ஜெயனியின் முகம் மாறிப்போயிருந்தது. அவள் சாக்கைப் பார்த்தாள், நிலத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"நன்றி சொல்லுறார்," என்றாள் பிரெஞ்சில்.

அடுத்தது நீக்கிலாப்பிள்ளை.

முன்பு இரண்டு தரம் தப்பியபோது அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. ஓட்டைகளைப் பார்க்கக் கூடாது. சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்க்க வேண்டும். மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும். முகத்தில் இருந்து முகத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு மண்மூட்டை போல, ஒரு கதவுநிலை போல இருந்துவிட வேண்டும். அவர் அதைச் செய்ய நினைக்கவில்லை. அப்பிள் ஆய்ந்த கை மாதிரி உடம்பு தானாகச் செய்தது. நன்றாகச் செய்தது.

சாக்கு ஒரு கணம் நின்றது. ஒன்றையும் காணாதது போல அடுத்த ஆளிடம் போனது.

தப்பிவிட்டேன் என்று உடம்பு முழுக்க ஒரு குளிர்மை இறங்கியது. மாதாவே, தப்பிவிட்டேன். அந்தக் குளிர்மைக்குள்தான் அவருக்குப் பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. மைதானத்தில் பெண்கள் பக்கத்து வரிசை தெரிந்தது. திரேசம்மாவும், அவளுக்குப் பக்கத்தில் அடையாள அட்டை எடுக்கிற வயதை எட்டிக்கொண்டிருக்கிற றெபேக்காவும் இருந்தார்கள். இந்தச் சாக்கு ஆட்டாவிட்டால் அந்தச் சாக்குக்கு முன்னால்தான் அவர்கள் இருக்க வேண்டும்.

அவர் எழுந்தார். வரிசையில் இருந்து அனுமதி இல்லாமல் எழுந்த ஆளை அவர் வாழ்நாளில் ஒருமுறைதான் கண்டிருக்கிறார். அந்த ஆள் இரண்டாவது அடி வைக்கவில்லை. அவர் இரண்டாவது அடி வைத்தார். மூன்றாவதும் வைத்தார். ஓடிப்போய்ச் சாக்கை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பார்," என்றார். குரல் யாருடையதோ போல வந்தது. "வடிவாப் பார். நான்தான். என்னைப் பார்த்து ஆட்டு!"

முகத்தை நிமிர்த்தி அந்த இரண்டு ஓட்டைக்குள்ளும் நேராகப் பார்த்தார். உள்ளே இரண்டு நீலக் கண்கள் இருந்தன. அவையும் பயந்திருந்தன. சாக்குக்குள் இருந்து சுவிங்கத்தின் புதினா மணம் வந்தது.

"போன்ஜூர்," என்றது சாக்கு.

பிறகு மெல்ல, மேலும் கீழும், தலையாட்டியது.

நீக்கிலாப்பிள்ளையின் முழங்கால் விட்டுக்கொடுத்தது. விழுகிற நேரத்தில் யாரோ படம் எடுத்தார்கள். கண் திறந்தபோது பூசணிக்காய்களுக்கு நடுவே கிடந்தார். நெஞ்சின்மேல் அட்டை, அட்டையில் மூன்றாவது முத்திரை. மதாம் குனிந்து, பறிமுதல் செய்த அப்பிள்களில் ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

"உங்கட அப்பிளைத் திருப்பித் தரச் சொல்லி இப்ப விதி இடம் குடுக்குதாம்," என்றாள் ஜெயனி. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

*

சான்று மூன்று வாரம் கழித்து வந்தது. கூடவே மதாம் திபோ கைப்பட எழுதிய கடிதமும் வந்தது. அடுத்த வருசத்திலிருந்து வெருளி வரும்போது எல்லாரும், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக, அடையாள அட்டையோடு நிலத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்களாம். மக்களிடமிருந்து தானாக எழுந்த வழக்கம் என்று கைநூலிலும் போடுவார்களாம். சான்றின் நடுவே நீக்கிலாப்பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது. சாக்குத் தலை குனிந்து பார்க்க, இவர் வாயைத் திறந்தபடி முழங்காலில் இறங்குகிற படம். 'இலையுதிர்காலத்தின் மகிழ்ச்சி' என்று கீழே அச்சடித்திருந்தது. குடும்பத்தாரை உற்சாகப்படுத்தும் பொருட்டு ஒரு பிரதி நேரடியாக மன்னாருக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது.

கடைசி வரியை அரியரத்தினம் இரண்டு தரம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நாலு ஞாயிறு கழித்துத் திரேசம்மாவின் குரல் மிசன் வீட்டிலிருந்து வந்தது. வழக்கமாக அவள் முதலில் பைலைப் பற்றிக் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஒரு படம் வந்தது."

"ஓம்."

"றெபேக்காவுக்குக் காட்டேல்லை. ஒளிச்சு வைச்சிருக்கிறன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்கையும் இருக்கிறாங்களோ?"

இல்லை என்று சொன்னால் படம் பொய்யாகிவிடும். இலையுதிர்காலம் என்றால் அவளுக்கு விளங்காது. அவருக்கே விளங்கவில்லை.

"இருக்கிறாங்கள்," என்றார். "ஆனா இஞ்ச வேற மாதிரி."

"அவன் உங்களைப் பார்த்து ஆட்டினவனோ?"

"ஆட்டினவன்."

மன்னாரில் காற்று அடிப்பதும், மிசன் வீட்டுக் கதவு ஒன்று அடிபடுவதும் கேட்டது.

"பேந்து?" என்றாள் திரேசம்மா. "பேந்து என்ன செய்தவங்கள்?"

"பேந்து," என்றார் நீக்கிலாப்பிள்ளை, "ஒரு அப்பிள் தந்தவங்கள்."